வலி தணிந்த பின்னும் நிற்காத மாத்திரை

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு காலை, எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஐம்பத்திரண்டு வயதுக் கைத்தறி நெசவாளர் ஒருவர் கொண்டுவரப்பட்டார். பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தவர் திடீரென வலிப்பு வந்து, நாக்கைக் கடித்தபடி கீழே விழுந்திருக்கிறார். அதற்கு முன் அவருக்கு வலிப்பு வந்ததில்லை. குடும்பத்தில் எவருக்கும் அந்நோய் இருந்ததில்லை. மூளையைப் படம்பிடித்துப் பார்த்தோம், குறை ஏதும் தென்படவில்லை. இரத்தத்தில் சர்க்கரை, உப்பு அளவுகள் சரியாக இருந்தன. மது அருந்தும் பழக்கம் உண்டா என்று வினவியபோது, அவருடைய மனைவி சற்றுச் சினத்துடனேயே இல்லை என்றார்.

மறுநாள் மகள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்தார். உள்ளிருந்து விழுந்தவை அனைத்தும் காலியான மாத்திரை அட்டைகள். தறிக்குழியைப் பெருக்கும்போது மிதிபலகைக்குப் பின்னால் அவை கிடைத்ததாகச் சொன்னார். எல்லாம் ஒரே மருந்து: டிரமடால், 50 மில்லிகிராம்.

அதன்பின் கதை மெல்ல வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முதுகெலும்பு வட்டில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. வீடு திரும்பும்போது பத்து நாள்களுக்கு வலிமாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். பத்து நாள்கள் கழிந்தன. தறியில் உட்கார்ந்தால் வலி திரும்பியது. பழைய மருந்துச் சீட்டைக் காட்டினால் கடையில் கொடுத்தார்கள். ஒரு கடை மறுத்தால் அடுத்த ஊர்க் கடை. நாளொன்றுக்கு மூன்று என்பது ஐந்தாகி, எட்டாகி, இறுதியில் பன்னிரண்டில் வந்து நின்றது. பன்னிரண்டு மாத்திரை என்றால் 600 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளில் தரக்கூடிய உச்ச அளவு 400. அந்த அளவைத் தாண்டினால் டிரமடால் வலிப்பை உண்டாக்கக்கூடும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி.

இதைத் தன்மையாக எடுத்துச் சொன்னபோது அவர் மனம் புண்பட்டுக் கேட்டார்: “நான் என்ன கஞ்சா குடித்தேனா டாக்டர்? உங்களைப் போல ஒருவர் எழுதிக் கொடுத்ததைத்தானே சாப்பிட்டேன்?”

அவருடைய இசைவுடனும், அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அதற்கு அன்று நான் சொன்ன மறுமொழி போதுமானதாக இருக்கவில்லை.

எவை இந்த மருந்துகள்?

வலிமாத்திரைகள் எல்லாம் ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல. பாராசிட்டமால், டைகுளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை அடிமைப்படுத்துவதில்லை. (அளவு மீறினால் அவை ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பது வேறு கதை.) இங்கே நாம் பேசுவது அபினிலிருந்து பெறப்பட்ட, அல்லது அபினைப் போலவே செயற்படும் ஓபியாய்டு வகை மருந்துகளைப் பற்றி. மார்பின், கோடீன், பென்டானில், டிரமடால், டேப்பண்டடால், ஊசியாகப் போடப்படும் பெண்டசோசின் ஆகியவை நம் நாட்டில் பெரிதும் புழங்குபவை. இருமல் மருந்துகள் சிலவற்றிலும் கோடீன் உண்டு. டிரமடாலும் பாராசிட்டமாலும் ஒரே மாத்திரையில் கலந்து விற்கப்படுவதும் வழக்கம். அத்தகைய மாத்திரையை எண்ணிக்கை மீறி விழுங்குவோருக்கு, தாம் அறியாமலேயே பாராசிட்டமாலும் அளவு மீறிவிடுகிறது.

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் இம்மருந்துகள் சென்று பொருந்தும் ஏற்பிகள் உள்ளன. உடல் தானே சுரக்கும் எண்டார்பின்களுக்காக அமைந்த இடங்கள் அவை. மருந்து அங்கே அமர்ந்ததும் வலிச் செய்தி தணிகிறது. கூடவே ஒரு நிம்மதி, சிலருக்கு ஓர் இதமான மிதப்பு, கவலை மறந்த உறக்கம் ஆகியவையும் வருகின்றன. நம் நெசவாளர் சொன்னார்: “முதுகு வலிக்காக ஆரம்பித்தேன். பிறகு கூலி பாக்கியை நினைத்து நெஞ்சு படபடத்தாலும் ஒன்று போட்டுக்கொள்வேன்.” வலி மருந்து மனத்தின் மருந்தாக மாறிய தருணம் அது. அந்தத் தருணத்தை வீட்டில் யாரும் கவனித்திருக்க முடியாது, அவரே கவனிக்கவில்லை.

மருத்துவர்களும் இதில் ஏமாந்தவர்களே. 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியங்களில் ஒரு கடிதம் வெளியாயிற்று. மருத்துவமனையில் தங்கியிருந்தபோது இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் நால்வர் மட்டுமே அடிமையானதாக அது கூறியது. உள்நோயாளிகளைப் பற்றிய அச்சிறு குறிப்பு, வீட்டில் மாதக்கணக்கில் மருந்து உண்பவர்களுக்கும் பொருந்துவது போலப் பல ஆண்டுகள் மேற்கோள் காட்டப்பட்டது. 1996-இல் அமெரிக்காவில் ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தபோது, அதன் அடிமைப்படுத்தும் தன்மையைக் குறைத்துக் காட்டியே விளம்பரம் செய்தனர். அதற்காக அந்நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்நாட்டில் பல குடும்பங்கள் சிதைந்துவிட்டன.

நம் நாட்டில் டிரமடால் நீண்ட காலம் சாதாரண மருந்தைப் போலவே கடைகளில் கிடைத்து வந்தது. 2018 ஏப்ரலில்தான் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நடுவண் அரசுக்காக தில்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் (0.96 விழுக்காடு) மருந்து வகை ஓபியாய்டுகளைப் பயன்படுத்துவதாகக் கணக்கிட்டது. ஹெராயின் பயன்படுத்துவோர் 1.14 விழுக்காடு. இரண்டுக்கும் இடையேயுள்ள தொலைவு எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

பழக்கம் வேறு, அடிமைத்தனம் வேறு

குடும்பத்தினர் பெரிதும் குழம்பும் இடம் இது. சில வாரங்கள் தொடர்ந்து இம்மருந்தை உண்டால், யாராயினும் உடல் அதற்குப் பழகிவிடும். முன்பு போதுமாயிருந்த அளவு பின்னர் போதாமற்போகும். திடீரென நிறுத்தினால் உடல் கலகம் செய்யும். இது உடல் சார்பு மட்டுமே. இதை வைத்து ஒருவரை அடிமை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோயறி நெறிமுறை, பயன்பாட்டுக் கோளாறைக் கண்டறியப் பதினோரு அடையாளங்களைத் தருகிறது. மருத்துவர் கண்காணிப்பில் எழுதிக் கொடுத்தபடி உண்பவரிடம், உடல் பழகுவதையும் நிறுத்தும்போது வரும் தொல்லையையும் அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதுவே சொல்கிறது.

அடிமைத்தனம் என்பது வேறு. கேடு வருகிறது என்று தெரிந்தும் விட முடியாமை. குறைக்கலாம் என்று முடிவெடுத்து மீண்டும் மீண்டும் தோற்பது. மருந்தைத் தேடுவதிலும் உண்பதிலும் அதன் மயக்கத்திலும் நாள் கழிவது. வேலை, உறவு, பிடித்தமானவை எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போவது.

வீட்டில் இது எப்படித் தென்படும்? மாதத்துக்கு வாங்கிய மாத்திரை இருபதாம் நாளே தீர்ந்துபோகும். அட்டை தண்ணீரில் விழுந்துவிட்டது, பேருந்தில் தொலைந்துவிட்டது என்று காரணங்கள் வரும். ஒரே வலிக்கு இரண்டு மூன்று மருத்துவர்களிடம் தனித்தனியே சீட்டு இருக்கும். நண்பகலில் உட்கார்ந்தபடியே கண் செருகும். மருந்து நேரம் தவறினால் எரிந்து விழுவார். ஒரு மணி நேரத்தில் மீண்டும் சாந்தமாகிவிடுவார். தீராத மலச்சிக்கல் இருக்கும். கண்மணி சிறுத்துத் தெரியலாம். டிரமடாலில் இது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. நம் நெசவாளரின் மனைவி பின்னர் நினைவுகூர்ந்தது வேறொன்று: வெளியூர்த் திருமணங்களுக்கு அவர் வருவதே இல்லையாம். தறியில் வேலை இருக்கிறது என்பாராம். எந்த ஊரில் மருந்துக்கடை எங்கே இருக்கிறது என்று தெரியாத இடத்துக்குச் செல்ல அவருக்கு அச்சம்.

இவற்றுள் ஒன்றிரண்டைக் கண்டதும் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வலிக்குப் போதிய சிகிச்சை கிடைக்காதவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், கூடுதலாகக் கேட்கத்தான் செய்வார். அவருக்கு வலி சரியாகத் தணிந்தால் அந்தத் தேடல் தானே நின்றுவிடும். இரண்டையும் பிரித்தறிவது மருத்துவரின் பொறுப்பு. அதற்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி, கண்டதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது.

இன்னும் ஒன்று. வலிமாத்திரையே வலியைக் கூட்டுவதும் உண்டு. நீண்ட நாள் உண்ணும்போது நரம்புகளின் வலியுணர்வு கூர்மையாகி, முன்பு வலிக்காத இடங்களும் வலிக்கத் தொடங்கும். நோயாளி அதற்கும் அதே மாத்திரையைக் கூட்டுவார். “முதுகில் இருந்த வலி உடம்பெல்லாம் பரவிவிட்டது” என்று வருவோரிடம் இதையும் நாங்கள் ஐயுறுகிறோம்.

மாத்திரையை ஒளித்து வைத்த வீடுகள்

இக்கட்டுரையில் ஒரு செய்தியை மட்டும் நினைவில் கொள்ள முடியும் என்றால், இதைக் கொள்ளுங்கள்: மாதக்கணக்கில் உண்டுவந்த ஓபியாய்டு மருந்தை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், வீட்டாரும் பிடுங்கி எறியாதீர்கள்.

விவரம் தெரிந்ததும் நல்லெண்ணத்துடன் மாத்திரையைக் கிணற்றில் வீசுவோரும், பீரோவில் பூட்டி வைப்போரும் உண்டு. டிரமடால் போன்றவற்றில் கடைசி மாத்திரை உண்ட அரை நாள் முதல் ஒரு நாளுக்குள் தொல்லை தொடங்குகிறது. முதலில் கொட்டாவி, மூக்கில் நீர், கண்ணில் நீர், வியர்வை. பிறகு மயிர்க்கூச்செறிதல், வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும் வலி, பேதி, வாந்தி, எலும்புக்குள் குடைச்சல். கால்கள் ஓரிடத்தில் நிற்காமல் உதறிக்கொண்டேயிருக்கும். உறக்கம் அறவே போய்விடும். டிரமடாலில் இவற்றுடன் கடும் பதற்றமும், சிலருக்கு மனக்குழப்பமும் சேரும். இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள்களில் அடங்கும். விஷக் காய்ச்சல் என்றும், உணவு ஒவ்வாமை என்றும், செய்வினை என்றும்கூட இதற்குப் பெயரிட்டு அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

இத்துன்பம் தாங்காமல் பெரும்பாலோர் மீண்டும் மாத்திரைக்கே திரும்புகின்றனர். அங்கேதான் உயிருக்கு ஆபத்து. சில நாள்களோ வாரங்களோ நிறுத்தியிருந்தால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிட்டிருக்கும். பழைய அளவையே மீண்டும் உண்டால் மூச்சு அடங்கிவிடலாம். கூடவே மதுவோ அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இந்த ஆபத்து பன்மடங்காகும். எழுப்பினால் எழாமை, நிமிடத்துக்குப் பத்துக்கும் குறைவான மூச்சு, களகளவென்ற குறட்டை, உதடும் நகமும் நீலம் பாய்தல் ஆகியவற்றைக் கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். நாலாக்ஸோன் என்னும் ஊசியால் இம்மருந்துகளின் விளைவை நிமிடங்களில் முறிக்க முடியும். என்ன உண்டார் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் அந்த ஊசி தக்க நேரத்தில் கிடைக்கும்.

சிகிச்சை எவ்வாறு நடக்கிறது?

உடல் சார்பு மட்டும் உள்ளவருக்கு வழி எளிது, ஆனால் மெதுவானது. அளவைப் படிப்படியாகக் குறைக்கிறோம். ஓராண்டுக்கு மேல் உண்டவருக்கு மாதத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்குப் பெரும்பாலும் தாங்கக்கூடியதாக இருக்கிறது. நடுவில் ஒரு மாதம் குறைக்காமல் நின்றாலும் பாதகமில்லை. நோயாளி அவசரப்பட்டாலும் நாங்கள் அவசரப்படுவதில்லை.

அடிமைத்தனம் வேரூன்றியவருக்கு மாற்று மருந்து தேவைப்படும். பியூப்ரினார்பினும் நாலாக்ஸோனும் கலந்த மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கச் செய்கிறோம். பியூப்ரினார்பின் அதே ஏற்பிகளில் அமர்ந்தாலும் அவற்றை முழுமையாகத் தூண்டுவதில்லை; ஆகவே ஏக்கமும் உடல் தொல்லையும் தணிகின்றன, மிதப்பு வருவதில்லை, மூச்சை அடக்கும் ஆபத்தும் ஓர் எல்லைக்கு மேல் கூடுவதில்லை. முதல் வேளை மருந்தைத் தருவதில் மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. பழைய மருந்து இறங்கி, தொல்லை தெளிவாகத் தொடங்கிய பின்னரே தர வேண்டும். முன்கூட்டியே தந்தால், இருக்கும் மருந்தை அது தள்ளிவிட்டுத் தானே தொல்லையைக் கிளப்பிவிடும். இம்மருந்தை அயலாரிடம் வாங்கி வீட்டில் தொடங்கக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

“ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. சர்க்கரை நோயாளி இன்சுலின் போடுவது போல என்று ஒப்பிட்டுச் சொல்வோர் உளர். எனக்கு அந்த ஒப்புமை முழு நிறைவைத் தந்ததில்லை. நான் சொல்வது இதுதான்: மறைத்து வைத்துப் பன்னிரண்டு மாத்திரை விழுங்கியவர், இப்போது மனைவியின் கண்ணெதிரே ஒரு மாத்திரையைக் கரைத்துவிட்டு வேலைக்குப் போகிறார். இம்மாற்றுச் சிகிச்சையில் தொடர்வோரின் இறப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலைச் சுத்தப்படுத்திப் பத்து நாளில் வீட்டுக்கு அனுப்புவதால் மட்டும் அந்தப் பயன் கிடைப்பதில்லை. மெத்தடோன் சில மையங்களில் உண்டு. ஏற்கெனவே முற்றிலும் விட்டவர்களுக்கு நால்ட்ரெக்சோன் உதவும்.

நெசவாளருக்கு வலிப்பு வந்திருந்ததால், டிரமடாலையே குறைத்துச் செல்லும் வழி பொருந்தவில்லை. உள்நோயாளியாக ஒரு வாரம் வைத்து பியூப்ரினார்பினுக்கு மாற்றினோம். ஆனால் முதுகு வலி அப்படியே இருந்தது. அதைத் தீர்க்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்துவது பாதிச் சிகிச்சை. இயன்முறை மருத்துவர் அவருடைய தறிக்குழியின் அளவைக் கேட்டறிந்து, உட்காரும் பலகையை உயர்த்தச் சொன்னார். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னார். நரம்பு வலிக்குத் தனி மருந்து தரப்பட்டது. உறக்கமின்மையும் மனச்சோர்வும் இருந்தன. அவற்றுக்கும் சிகிச்சை தொடங்கினோம். நான்காம் மாதத்தில் ஒருமுறை சறுக்கினார். தம்பி வீட்டு விசேஷத்தில் யாரோ கொடுத்த நான்கு மாத்திரை. மறுநாளே தாமாக வந்து சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்குக் காரணம் இருக்கவில்லை.

சட்டத்தைப் பற்றிய அச்சமும் பலரைத் தடுக்கிறது. சிகிச்சைக்கு வருவோரைக் காவல் நிலையத்துக்கு அனுப்புவது எங்கள் வேலை அன்று. 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களை மறைவாகக் காக்கும் கடமையை எங்கள்மீது சுமத்துகிறது. நேரில் வரத் தயங்குவோர் 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணையோ, 14416 என்னும் டெலி மானஸ் எண்ணையோ கட்டணமின்றி அழைக்கலாம்.

மார்பினுக்கு அஞ்ச வேண்டா

இவ்வளவையும் படித்தபின், வீட்டில் புற்றுநோய் வலியால் துடிக்கும் ஒருவர் இருந்தால் அவருடைய மார்பின் மாத்திரையை எடுத்து ஒளித்துவிடாதீர்கள். இக்கட்டுரையை எழுதத் தயங்கியதற்கு அந்தக் கவலையே காரணம். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடுமையால் இந்தியாவில் மார்பின் கிடைப்பதே அரிதாகி, எண்ணற்ற நோயாளிகள் வலியோடு இறந்தனர். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மார்பின் உள்ளிட்ட சில மருந்துகளை மருத்துவமனைகள் பெறுவதை எளிதாக்கினர். முற்றிய நோயின் வலிக்கு அது இன்றும் இன்றியமையாதது. நேரம் தவறாமல், மருத்துவர் சொன்ன அளவில், மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்துக் கொடுங்கள். தன் தாய் அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி, அவருடைய கடைசி மூன்று வாரங்கள் மார்பினை மறுத்த மகன் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் இன்றும் அதைச் சொல்லி வருந்துகிறார்.

அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவோர், கையிலுள்ள சீட்டில் எத்தனை நாளைக்கு என்று எழுதியிருக்கிறது என்பதைச் செவிலியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மாத்திரை ஓபியாய்டு, எந்த நாளில் நிறுத்துவது, நிறுத்தியபின் வலித்தால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். மன அழுத்தத்துக்கோ வலிப்புக்கோ மருந்து உண்பவராயின் டிரமடால் தொடங்குமுன் அதைச் சொல்லிவிடுங்கள். எஞ்சிய மாத்திரைகளை அலமாரியில் சேர்த்து வைக்காமல் எங்கள் மருந்தகத்தில் ஒப்படையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் முட்டி வலிக்கு எடுத்துக் கொடுக்காதீர்கள்.

நெசவாளர் இப்போது மாதம் ஒருமுறை வருகிறார், மகளும் உடன் வருகிறார். போன முறை வந்தபோது, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் தறியில் உட்கார முடிகிறது என்றார். பட்டுச் சேலைக்குப் பாவு ஏற்றியிருப்பதாகவும், ஆறு மணி நேரமாக்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டார். இயன்முறை மருத்துவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மருந்தின் அளவை இன்னும் குறைக்கவில்லை. ஆனி மாதச் சந்திப்பில் அதைப் பற்றிப் பேசுவதாக இருக்கிறோம்.